தனசிங்கின் இரண்டு பற்கள்

கிளாரன்ஸ் மாஸ்டரின் ஜாஸ் குழுவில் பதினாறு வருடமாக முதல் டிரம்பெட் தனசிங்தான். போன ஜூலையில் பைக்கிலிருந்து விழுந்து முன்பல் இரண்டும் போயின. புதிதாக இரண்டு வைத்துவிட்ட பல் டாக்டர் கைராசிக்காரர். சிரித்தால் தனசிங் சினிமாக்காரன் மாதிரி இருந்தான். ஊதினால் காற்றுதான் வந்தது.

நான்கு மாதம் முட்டி மோதிப் பார்த்தான். கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அவன் நாற்காலியை மாஸ்டர் இன்னும் காலியாகவே வைத்திருந்தார். அதுதான் அவனை அரித்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டிரம்பெட் பெட்டியோடு புரசைவாக்கத்தில் மாஸ்டர் வீட்டுக்குப் போனான்.

“என் எடத்துக்கு வேற ஆளப் போட்டுடுங்க மாஸ்டர்.”

“ஊதிக் காட்டு.”

ஊதினான். நீளமாக எடுத்த சத்தம் பாதியில் பிசிறி நின்றது. மேல் உதடு கன்றிப்போயிருந்தது.

“ஒதட்டுல எங்க வச்சு ஊதறே?”

“எப்பவும் வைக்கிற எடத்துலதான்.”

“ஏன் இந்த அழுத்து அழுத்தறே?”

“பழைய சத்தம் வரணுமே. வருமா மாஸ்டர்?”

“வராது.”

தனசிங்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று கோபமும் வந்தது. நாற்பத்து மூன்று வயதில் வேறு தொழிலுக்கு எங்கே போவது?

மாஸ்டர் வாய்க்குள் விரலை விட்டார். மேல்வரிசைப் பல் அத்தனையும் ஒரே செட்டாகக் கழன்று வந்தது. மேஜைமேல் இருந்த தம்ளர் தண்ணீரில் அதைப் போட்டார். உதடு உள்வாங்கி ஆளே மாறிப்போனார்.

பதினாறு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊதிய தனசிங்குக்கே இது தெரியாது.

“எப்ப மாஸ்டர்?”

பல்லை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்ட பிறகுதான் அவர் பேசினார்.

“நீ என்கிட்ட வர்றதுக்கு மூணு வருஷம் முந்தி. ஈறு கெட்டுப்போச்சு. திரும்ப ஊத வர ரெண்டு வருஷம் ஆச்சு.”

“அப்ப நான் சர்ச் ஹால்ல கேட்ட உங்க டிரம்பெட்? அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுத்தானே உங்க வீட்டுக்கு நடையா நடந்தேன்?”

“அது இந்தப் பல்லோட சத்தம்” என்றார் மாஸ்டர். “பழைய பல்லுல இருவது வருஷம் ஊதினேன். அதக் கேட்டு ஒருத்தன்கூட என்கிட்ட கத்துக்க வரலே.”