கைபடாத காசு

சீடருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. குருவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. இதில் சீடருக்கு ஒரு சங்கடமும் இல்லை. அவருடைய மைத்துனர்தான் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சீடரின் பெயர் தணிகாசலம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலூரில் நாணயம் சேர்ப்பவர்கள் நடுவில் அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. மன்னர் காலத்துக் காசுகளை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். படைவீரர்களைப் போற்றி வெளியிட்ட நினைவு நாணயங்கள்தான் அவருக்குச் சோறு, தண்ணீர் எல்லாம். போரில் மடிந்தவர்களுக்கான காசு, பனிமலையில் காவல் நின்றவர்களுக்கான காசு, காயத்துக்குக் கட்டுப்போட்ட செவிலியர்களுக்கான காசு என்று ஒரு பீரோ நிறைய வைத்திருந்தார்.

அதில் ஒன்றையும் அவர் வெறுங்கையால் தொட்டது கிடையாது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் இருக்கும். விரல் வியர்வை பட்டால் காசு செத்துப்போகும் என்பது அவர் கட்சி.

குருவின் பெயர் சிவகாமி. ஆற்காடு போகும் சாலையில் சின்னதாக ஒரு மடம். எல்லோரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பிரசங்கம், பஜனை எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறவர்கள் எதையாவது கேட்பார்கள். தெரிந்தால் அம்மா பதில் சொல்வார். தெரியாவிட்டால் "தெரியல" என்பார். அந்த "தெரியல" பிடித்துப்போய்த்தான் தணிகாசலம் அங்கே போக ஆரம்பித்தார்.

அந்த ஞாயிறு, மற்றவர்கள் எல்லாம் போகட்டும் என்று அவர் காத்திருந்தார். பிறகு பையிலிருந்து ஒன்றை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தார். கெட்டியான கண்ணாடி பிளாஸ்டிக்கில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி. நடுவில் ஒரு வெள்ளிக் காசு.

"என்ன இது?"

"எத்தனையோ வருஷமா நான் ஏங்கின காசும்மா. ஒரு படைப்பிரிவு அதோட நூற்றாண்டு விழாவுல, உயிர்விட்ட வீரர்களோட வீடுகளுக்கு மட்டும் குடுத்தது. கடையிலயும் கிடைக்காது, ஏலத்துலயும் வராது."

"அதான் கிடைச்சிடுச்சே. அப்புறம் ஏன் முகம் இப்படி வாடியிருக்கு?"

"அதைக் கேட்கத்தாம்மா வந்தேன்."

நடந்தது இதுதான்.

காட்பாடிப் பக்கம் அஞ்சலை என்று ஒரு பெண் இட்லிக் கடை வைத்திருந்தாள். அவள் கணவன் ஏகாம்பரம் ராணுவத்தில் ஹவில்தார். வடக்கே எல்லையில் இறந்துபோனான். கடையும் பிள்ளைகளுமாக அவள் அல்லாடிக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் காசு அவளிடம் வந்து சேர்ந்தது. இது எப்படியோ தணிகாசலத்தின் காதில் விழுந்தது. வேலூரில் நாணயக் கண்காட்சி நடக்கப்போகிறது, ஒரு வாரம் இரவல் கொடுத்தால் போதும் என்று அவளிடம் போய் நின்றார்.

அஞ்சலை கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தாள். பாக்கு, கடைச் சாவி, சில்லறை, அவற்றோடு அந்தக் காசு! தணிகாசலத்துக்கு நெஞ்சு பதறிவிட்டது. இப்படிப்பட்ட காசைச் சில்லறையோடு சில்லறையாகப் போட்டு வைத்திருக்கிறாளே பாவி. அதில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு.

அவர் அதைத் துலக்கவில்லை. நாணயம் சேர்ப்பவர்கள் காசைத் துலக்குவதை மகா பாவமாக நினைப்பவர்கள். எந்த நிலையில் கிடைத்ததோ அந்த நிலையிலேயே காப்பாற்ற வேண்டும் என்பார்கள். அதனால் கண்காட்சி முடிந்ததும், தன் கைக்காசைப் போட்டு, மும்பையில் தரம் பார்க்கிற இடத்துக்கு அனுப்பி, சான்றுச் சீட்டோடு பெட்டிக்குள் அடைத்து வாங்கினார். திருகித் திறக்கிற பெட்டி இல்லை. இரண்டு பக்கத்தையும் உருக்கி ஒட்டிவிடுவார்கள். உடைத்தால்தான் காசு வெளியே வரும். உடைத்துவிட்டால் சான்று செல்லாது. பிறத்தியார் பொருளுக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள் என்று அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

கொண்டுபோய்க் கொடுத்தபோது அஞ்சலை பெட்டியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள்.

"எப்டி சார் தொறக்கறது?"

"தொறக்கக் கூடாதும்மா. அதுதான் இதுல விசேஷமே. இனிமே நூறு வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது."

"ஓ" என்றாள் அவள்.

அடுத்த வாரம் அவளே பஸ் ஏறி அவர் வீட்டுக்கு வந்தாள். பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"நீயே வச்சிக்க சார். உன்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும். இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

குரலில் கோபம் இல்லை. காபி சாப்பிடச் சொன்னார். கடைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

இதையெல்லாம் சொல்லி முடித்த தணிகாசலம் அம்மாவைப் பார்த்தார்.

"நான் கேட்கக்கூட இல்லம்மா. அவளா குடுத்தா. வீடு தேடி வந்த காசு. ஆனா பீரோவுல வைக்கக் கை வரமாட்டேங்குது. அவ ஏன் குடுத்தா? நான் அதுக்கு நல்லதுதானே செஞ்சேன்?"

அம்மா எழுந்தார். மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புறப்படுகிறவர்களுக்கு அம்மா தன் கையாலேயே நெற்றியில் அழுத்தித் திருநீறு பூசி அனுப்புவார். வேறு எதற்கும் இல்லாமல் அதற்காகவே வந்து போகிறவர்களும் இருந்தார்கள். அம்மா திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

"உங்க கையுறையைக் குடுங்க."

தணிகாசலம் விழித்தார். ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். அம்மா நிதானமாக இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டார்.

"காசு போடுற கண்ணாடித்தாள் உறை ஒண்ணு வேணும். பையில இருக்குமே?"

அவர் பையில் அது இல்லாமலா? கொடுத்தார். அம்மா அதை அவர் நெற்றியில் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, உறையின்மேல் திருநீற்றைப் பூசினார். பிறகு உறையைத் திருநீறு சிந்தாமல் எடுத்து, மடித்து, அவரிடமே நீட்டினார்.

"பத்திரமா வச்சுக்குங்க. வியர்வை படாது, கலையாது. நூறு வருஷம் இருக்கும்."

தணிகாசலம் நெற்றியைத் தடவிப் பார்த்தார். வெறும் நெற்றி.

"நெத்தியில படவே இல்லையேம்மா."

"படலையா?"

சிரிக்க வாயெடுத்த தணிகாசலம் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். தரையில் கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"உடைச்சா சான்று போயிடும்மா."

"போயிடும்."

"அவ திரும்பவும் சுருக்குப்பையிலதான் போட்டுக்குவா."

"போட்டுக்குவாங்க."

"எனக்கு இனிமே இப்படி ஒண்ணு கிடைக்காதும்மா."

"கிடைக்காதுதான்."

ஒரு பேச்சுக்காவது ஆறுதல் சொல்லக் கூடாதா என்று அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் காசை விட அவருக்கு மனமே இல்லை. பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், மறுபடி கீழே வைத்தார். கடைசியில் கேட்டார்.

"சுத்தியல் இருக்கா?"

"சுத்தியல் இல்ல. வாசல்ல தேங்காய் உடைக்கிற கல் இருக்கு."

வாசலுக்குப் போனார். முதல் அடிக்குப் பெட்டி அசைந்துகொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு அடி அடித்தார். மூலை தெறித்தது. சான்றுச் சீட்டு காற்றில் பறந்து துளசிச் செடியில் போய் விழுந்தது. காசு உருண்டு வந்து படியோரம் நின்றது.

பழக்கதோஷத்தில் அவர் கை சட்டைப்பைக்குப் போனது. பை காலியாக இருந்தது. திரும்பிப் பார்த்தார். அம்மா கையுறை போட்ட கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார். கழற்றுகிற வழியைக் காணோம்.

தணிகாசலம் குனிந்து காசை வெறுங்கையால் எடுத்தார். பிசுபிசுப்பாக இருந்தது. ஆட்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தார். அவர் கட்டைவிரல் தானாக வழுக்கிப்போய் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. விரலை எடுத்து வேறு பக்கம் வைத்துப் பார்த்தார். அது மறுபடியும் அங்கேயே வந்து நின்றது.

"அம்மா."

"சொல்லுங்க."

"இந்த இடத்துல ஒரு சிப்பாயோட முகம் இருக்கணும். வேற ரெண்டு வீட்டுல இதே காசைப் பார்த்திருக்கேன். தொப்பி, மீசை, தாடை எல்லாம் அச்சுப் பிசகாம இருக்கும். அவ புருஷன் முகம்னுகூட இல்ல, பொதுவா ஒரு முகம். இதுல மூக்குகூட மிச்சமில்லாம வழவழன்னு ஆயிடுச்சு. சில்லறையில உரசித் தேஞ்சதுன்னுதான் இத்தனை நாள் நினைச்சேன். சுருக்குப்பையில கிடந்தா இப்படி ஒரே இடத்துல பள்ளம் விழாதும்மா. அந்த முகம் எங்கதான் போச்சு?"

அம்மா படியிறங்கி வந்தார். காசைக் கையில் வாங்கவில்லை. எட்டி நின்று அந்தப் பள்ளத்தை மட்டும் பார்த்தார்.

"அடுத்த பஸ்ஸுக்கே கொண்டுபோய்க் குடுத்துடுங்க" என்றார். "குடுக்கும்போது அந்தம்மாவோட கட்டைவிரலைப் பாருங்க."