உபதேசியார் சொல்லாமல் நிறுத்திய பெயர்

தீர்ப்புச் சொல்ல ஆசையுள்ளவர்கள் இந்தக் கதைக்கு வாருங்கள். அவசரக்காரர்கள் மட்டும் வேண்டாம். இதில் வரும் மூன்று பேரும் நல்லவர்கள். சங்கடமே அதில்தான் இருக்கிறது.

சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரி என்னும் செம்மணல் மேட்டின் ஓரமாக ஒரு சிறு சபை. குருவுக்கு அடுத்தபடியாக அதைக் கவனித்துவந்த உபதேசியார் ஞானசிகாமணி. மனைவி லீதியாள், ஒரே மகன் கெர்சோம். அந்த வீட்டில் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் உண்டு. ஒவ்வொருவரும் முறைவைத்துத் தன் சொந்த வார்த்தையில் ஜெபிக்க வேண்டும்.

கெர்சோம் சிறு பையனாக இருந்தபோது ஒருநாள், "ஆண்டவரே, கோயில் மணிக்கயித்துல ஊஞ்சலாடி அத அறுத்தது நான்தான், மன்னிச்சிருங்க" என்று ஜெபித்தான். ஆமென் சொல்லி வாய் மூடுமுன் முதுகில் அடி விழுந்தது. ஆண்டவர் மன்னித்தாரோ என்னவோ, உபதேசியார் மன்னிக்கவில்லை. மறுநாளிலிருந்து பையனின் ஜெபத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. உலக சமாதானத்துக்காகவும் மிஷனெரிமார்களுக்காகவும் மணிமணியாக ஜெபித்தான். தன்னைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது. பெருமைப்பட்டுக்கொண்டிருந்த தகப்பனுக்கு விஷயம் உறைக்கச் சில மாதங்கள் ஆயின. பிள்ளைக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுப்பதாக நினைத்து நடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டோமே என்று மனம் நொந்துபோனார். மகனை அழைத்து, வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொன்னார்.

"இனி ஜெபத்துல நீ என்ன சொன்னாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன். கண்டிக்க மாட்டேன். அடுத்தவங்களுக்குக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன்."

லீதியாள் அப்போது அடுக்களையில் இருந்தாள். அவள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

கெர்சோமுக்குப் பதினாறு வயதானதும் திடப்படுத்தல் வந்தது. குழந்தையில் ஞானஸ்நானம் பெறும்போது பெற்றோர் தனக்காக அறிக்கையிட்ட விசுவாசத்தை, பிள்ளை வளர்ந்து பேராயர் முன்னால் தன் வாயால் சொல்லும் நாள் அது. ஆயத்த வகுப்பை எடுத்தவர் உபதேசியார்தான். வகுப்பு எடுத்தவரே ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லி அழைப்பது அந்தச் சபை வழக்கம். அவர் அழைத்தால், 'இந்தப் பிள்ளை ஆயத்தம், நான் சாட்சி' என்று பொருள். ஆயத்தமில்லாதவரை அழைப்பதில்லை என்று அவர் சபைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு வருஷம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது, சுற்றுவட்டாரச் சபைகளுக்கெல்லாம் பொறுப்பான சேகர குருவே எல்லாப் பெயர்களையும் அழைத்தார். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

வெள்ளைச் சட்டை தைத்து வந்துவிட்டது. சொந்தக்காரர்களை விருந்துக்கு அழைத்தாயிற்று. ஆராதனைக்கு முந்தின நாள் சாயங்காலம், ஜெபத்தில் கெர்சோமின் முறை வந்தது.

"ஆண்டவரே, நீங்க இருக்கீங்களான்னு எனக்கு நிச்சயமில்ல. நாளைக்கு விசுவாசிக்கிறேன்னு சொன்னா அது பொய். சொல்லலன்னா அப்பாவுக்குத் தலைகுனிவு. எனக்குப் பயமாயிருக்கு. ஆமென்."

இருக்கிறாரா என்று தெரியாதவரிடமே போய் அதைச் சொல்கிறான் பாருங்கள்!

உபதேசியார் கண்ணைத் திறக்கவில்லை. கர்த்தருடைய ஜெபத்தை எப்படியோ சொல்லி முடித்தார். நாளை மகனை அழைத்தால் சபைக்குப் பொய்ச் சாட்சி. அழைக்காவிட்டால் மகனைக் காட்டிக்கொடுத்ததாகும். அவனிடமே ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால், அதற்கும் தன் வாயைத் தானே கட்டிக்கொண்டாயிற்று.

லீதியாளால் பொறுக்க முடியவில்லை. கை கழுவப்போன மகனைக் கிணற்றடியில் பிடித்துக்கொண்டாள்.

"எய்யா, நாளைக்கு வாயால மட்டும் சொல்லிரு. நம்பிக்க பொறவு தானா வரும். எத்தன பேரு அப்படித்தான் சொல்லுதாங்க."

"அம்மா, அது நான் ஜெபத்துல சொன்னது."

"நான் பெத்தவல்லா? காதுல விழுந்தத விழலன்னு எப்படி இருப்பேன்?"

அவன் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினான்.

மறுநாள் கோயில் நிரம்பி வழிந்தது. உபதேசியார் ஒவ்வொரு பெயராக அழைத்தார். பிள்ளைகள் எழுந்துபோய்ப் பேராயர் முன் முழங்காலிட்டார்கள். கடைசியில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். பேராயர் நிமிர்ந்து பார்த்தார். மிஞ்சியிருப்பது யாருடைய மகன் என்று தெரியாதவர் அங்கே இல்லை. ஆண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த கெர்சோமின் முகம் வெளுத்துவிட்டது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, "கெர்சோம்!" என்று ஒரு குரல். லீதியாள் எழுந்து நின்றிருந்தாள்.

அவன் எழுந்தான். முன்னால் போய் முழங்காலிட்டான். விசுவாசிக்கிறாயா என்று பேராயர் கேட்டார்.

"எனக்கு இன்னும் நிச்சயமில்ல ஐயா. பொய் சொல்ல மனசு வரல. நிச்சயமானா நானே வாறேன்."

எழுந்தான். அத்தனை பேர் கண்ணும் பார்த்திருக்க, தன் இடத்துக்குத் திரும்பி நடந்தான்.

மகன் பெயரைச் சொல்லாமல் நின்ற தகப்பன், சொல்லி அழைத்த தாய், அழைத்த பிறகும் மறுத்த மகன். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: மகன் செய்ததே சரி. கேள்வி அவனிடம் கேட்கப்பட்டது, பதில் சொல்ல வேண்டியவனும் அவன்தான். கிணற்றடியில் லீதியாள் கேட்டது பொய், அது தப்பு. ஆனால் அதை அவன் ஒருவனிடம் மட்டுமே கேட்டாள். கோயிலில் பெயர் சொல்லி அழைத்தபோதும் பதிலை அவனிடமே விட்டாள். உபதேசியாரோ இரண்டு வாக்கையும் காப்பாற்றுவதாக எண்ணி மௌனமாக நின்றார்; அந்த மௌனமே மகனை ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டது. அழைக்கும் வேலையை முன்கூட்டியே சேகர குருவிடம் விட்டிருந்தால் அவருடைய இரண்டு வாக்கும் பிழைத்திருக்கும். தன் வளர்ப்புத் தோற்றுப்போனதாக அவர் அன்று அழுதாராம். ஆண்டவர் முன் நடிக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது பின்னே யார்? அவர் அழ வேண்டியது தன் மௌனத்துக்காக. அதற்கு மகனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தில் கேட்டால் செல்லாது. அவன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.