வளைந்த வால் குலத்தின் மாப்பிள்ளை

கரட்டுமலை ஓநாய்களுக்கு வால் நடுவில் வளைந்திருக்கும். யாரோ பிடித்து முறுக்கிவிட்ட மாதிரி, எல்லோருக்கும் இடதுபக்கமாக! அதில் அவர்களுக்கு அப்படியொரு பெருமை. பெண் பார்க்கப் போனாலும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், வாலைத்தான் பார்ப்பார்கள். வளைவு சரியாக இருந்தால் சம்பந்தம் முடிந்தது. போன வாரம் நாலுவழிச் சாலைக்கு அப்பாலிருந்து நெடுங்காலன் என்ற ஆண் ஓநாய் வந்தான். நேரான வால்! காதைக் கடித்துக் கிழித்துத் துரத்திவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் கூர்மூக்கி என்று ஒருத்தி. எதையும் மோந்து பார்க்காமல் விட மாட்டாள். இரண்டு வருஷத்தில் ஒன்பது குட்டிகள் பெற்றாள். ஒன்றும் தங்கவில்லை. சில கண் திறக்கும் முன்பே போயின. சில பின்னங்காலை ஊன்ற முடியாமல் இழுத்துக்கொண்டே கிடந்து போயின. புருஷனையும் காட்டுப்பன்றி குத்திவிட்டது. ஐப்பசி பிறந்துவிட்டது, மறுபடி ஜோடி சேர வேண்டும்.

"என் மகன் இருக்கிறானே!" என்றார் தலைவர் செம்பட்டையார். அவர் அவளுக்கு அம்மா வழியில் மாமா, அப்பா வழியில் பெரியப்பா. செத்துப்போன புருஷன் அவருடைய தங்கை மகன். அந்த மலையில் எல்லோரும் எல்லோருக்கும் இப்படித்தான்.

"மாமா, என் குட்டிகள் ஏன் சாகின்றன?"

"கண் பட்டிருக்கும்."

"அக்காவின் குட்டிகளும் செத்தனவே, அது ஏன்?"

"பனி."

"அந்தப் பனி நரிக்குட்டிகளின் தலையில் பெய்யவில்லையா? கொழுகொழுவென்று ஓடுகின்றனவே!"

"பொம்பளைப் பிள்ளைக்கு இத்தனை கேள்வி ஆகாது!" என்றார் செம்பட்டையார். பதில் தெரியாத பெரிய மனிதர்கள் எல்லோரும் சொல்லும் பதில்தான்.

கூர்மூக்கிக்குக் கேள்வி அரிப்பு அடங்கவில்லை. மலையடிவாரத்தில் ஓர் ஆட்டுப்பட்டி இருந்தது. நாற்பதே ஆடுகள். அவையும் நம்மைப் போல ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள்தானே? பிறகு வருஷா வருஷம் குட்டிகள் எப்படித் துள்ளுகின்றன? உச்சிவெயிலில் நாய் புளியமரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அவள் முள்வேலியில் மூக்கை நீட்டினாள்.

உள்ளே நின்ற கிடா அலறியது. "ஐயோ! ஓநாய்!"

"சும்மா கத்தாதே! தின்ன வரவில்லை, கேள்வி கேட்க வந்தேன். உங்கள் குட்டிகள் மட்டும் எப்படிப் பிழைக்கின்றன?"

கிடா நம்பாமல் இரண்டடி பின்வாங்கியது. ஆனாலும் பேச ஆள் கிடைத்ததே என்ற சந்தோஷம் அதற்கு. "நான் இந்தப் பட்டியில் பிறந்தவன் இல்லை, தாயே! பக்கத்து ஊர்ப் பட்டியில் பிறந்தவன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆட்டுக்காரர் கிடாயை மாற்றிவிடுவார். இங்கிருந்தவன் அங்கே போய்விட்டான்."

"ஏன் மாற்ற வேண்டும்?"

"நான் இங்கேயே இருந்தால் நாளைக்கு என் மகளுக்கே மாப்பிள்ளையாகிவிடுவேன். ஒரே ரத்தம் கலந்தால் குட்டி சவலையாகும், கால் கோணும். ஆடு மேய்ப்பவருக்கெல்லாம் தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

கூர்மூக்கி தன் வாலைத் திரும்பிப் பார்த்தாள். முதன்முறையாக அது அவளுக்குப் பெருமையாகத் தெரியவில்லை.

அன்று மாலையே அவள் சாலைப்பக்கம் இறங்கினாள். கிழிந்த காதோடு நெடுங்காலன் ஒரு பாலத்தடியில் படுத்திருந்தான்.

"மிச்சக் காதையும் கடிக்க வந்தாயா?" என்றான்.

"உங்கள் பக்கம் குட்டிகள் பிழைக்கின்றனவா?"

"பிழைக்கின்றனவா என்றா கேட்கிறாய்! தம்பிகள் தொல்லை தாங்காமல்தானே நான் லாரிகளுக்கு நடுவில் ஓடிவந்தேன்!"

அவள் அவனை மலைக்கு அழைத்து வந்தாள். கூட்டமே உறுமியது.

"அவன் வாலைப் பார், குச்சி மாதிரி!" என்றார் செம்பட்டையார். "இவனோடு சேர்ந்தால் வேட்டையில் உனக்குப் பங்கு கிடையாது!"

பங்கில்லை என்றால் பட்டினிதான். ஆனாலும் கூர்மூக்கி சொன்னாள்: "பங்கு இருந்தபோதும் என் ஒன்பது பேர் சாப்பிட வரவில்லையே, மாமா!"

இருவரும் மலையின் மறுபக்கம் இறங்கிப் போனார்கள்.

வயல் எலி, ஓணான், நண்டு என்று கிடைத்ததைத் தின்று காலம் தள்ளினார்கள். மார்கழியில் ஐந்து குட்டிகள் பிறந்தன. ஒன்று போய்விட்டது. கூர்மூக்கி இரண்டு வாரம் மற்ற நான்கையும் மோந்தபடி கிடந்தாள். நான்கும் கண் திறந்தன. நான்கும் எழுந்து நின்றன. மாசியில் அவற்றைப் பிடிக்க முடியவில்லை, அத்தனை ஓட்டம்!

ஒரு நாள் செம்பட்டையார் வந்தார். அவர் மகனுக்குச் சித்தி மகளைக் கட்டிவைத்துப் பிறந்த குட்டிகள் ஒன்றும் மிஞ்சவில்லை. தூரத்தில் நின்றபடி இந்த நான்கும் ஒன்றையொன்று துரத்துவதையே வெகுநேரம் பார்த்தார்.

கடைசியில் தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகாத தம்பி யாராவது உண்டா? என் சின்னவளுக்குக் கேட்கிறேன்."

"இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் வால் நேராக இருக்குமே, மாமா?"

"வாலை விடும்மா! பிறக்கிற குட்டி நடக்குமா, அதைச் சொல்!"

எங்கள் ரத்தமே உசத்தி என்று சொந்தத்துக்குள்ளேயே சுற்றுகிற குலம் தேய்ந்து போகும், வெளியிலிருந்து வருகிறவனுக்கு இடம் கொடுக்கிற குலமே தழைக்கும்.