முள்வேலி போட்ட முள்ளம்பன்றி

தேன்மலை அருவிக்குப் போகும் பாதையின் தொடக்கத்தில் வடிவு என்ற முள்ளம்பன்றி குடியிருந்தது. வளைக்குள் அதன் இரண்டு குட்டிகள், பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. பக்கத்து வளைகளில் கீரியும் சில பெருச்சாளிகளும் வசித்தன. நல்ல இடம்தான். காட்டில் இருக்கிற அத்தனை பேரும் அருவிக்கு அந்த வழியாகத்தான் வருவார்கள் என்பது ஒன்றுதான் குறை.

நடந்து வருகிறவர்களால் தொல்லை இல்லை. குரங்குகள் மட்டும் எருமைமேல் ஏறி வரும். பாதைத் தொடக்கத்தில் குதித்து இறங்கி, எருமையை அங்கேயே நிறுத்திவிட்டு, அஞ்சே நிமிஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போகும். குரங்குகளின் ஐந்து நிமிடம் சாயங்காலம் வரை நீளும்.

ஒருநாள் வடிவு கிழங்கு தின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது, மேகலை என்ற எருமை அதன் வாசலை அடைத்துப் படுத்திருந்தது. உள்ளே குட்டிகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் தள்ளிப் படும்மா. உள்ளே என் பிள்ளைங்க இருக்கு" என்றது வடிவு.

"என்னை இங்கே விட்டுட்டுப் போனவங்க வரட்டும். நானா நகர்ந்துட்டா அவங்க எங்கே தேடுவாங்க?" என்றது மேகலை, அசைபோடுவதை நிறுத்தாமல்.

குரங்குகள் திரும்பி வரும்வரை வடிவு வெளியே உட்கார்ந்து குட்டிகளின் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று அது பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது.

மறுநாள் வளைவாசிகள் நலச் சங்கம் கூடியது. செயலாளர் கீரி நெடுநேரம் பேசிவிட்டு, பாதையையே அடைத்துவிடலாம் என்று முடிவாகச் சொன்னது. எதை வைத்து அடைப்பது என்று ஒரு பெருச்சாளி கேட்டது. எல்லோரும் வடிவின் முதுகைப் பார்த்தார்கள். வடிவு இருந்த ஆத்திரத்தில், உடம்பை உலுக்கி உலுக்கிப் பெரிய முள் ஒன்று பாக்கியில்லாமல் உதிர்த்துக் கொடுத்தது. சங்கம் அதற்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டது.

வளைகளுக்குச் சற்று முன்னால், பாதைக்குக் குறுக்கே வேலி எழுந்தது. குரங்குகள் மரத்துக்கு மரம் தாவி அருவிக்குப் போயின. வேலி போட்டிருப்பதையே அவை கவனிக்கவில்லை. மேகலை வேலிக்கு வெளியே நின்று அசைபோட்டது. உண்மையில் தடுக்கப்பட்டவர்கள் மற்றவர்கள்தான். ஒரு நொண்டி மான் அந்தக் கோடையில் தண்ணீருக்கு வந்தது. முள்ளைப் பார்த்தது, காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டது, வந்த வழியே திரும்பிப் போனது. தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வடிவு சொல்லிக்கொண்டது. அன்று அதற்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. போகிற வருகிற விலங்குகள் மேய்ந்தும் மிதித்தும் கணுக்கால் அளவில் வைத்திருந்த புல், இப்போது ஆளில்லாமல் வளர்ந்து வளைகளை மறைத்தது. இப்போதுதான் நமக்கென்று ஓர் ஒதுக்கம் கிடைத்திருக்கிறது என்று கீரி பெருமைப்பட்டது. அந்த ஒதுக்கத்துக்குள் ஒரு மலைப்பாம்பு வந்து சேர்ந்தது.

பாம்பின் தலை வாசலுக்கு இரண்டு முழத்தில் வந்த பிறகுதான் வடிவு அதைப் பார்த்தது. பழக்கதோஷத்தில் சட்டென்று திரும்பி, முதுகைக் காட்டிச் சிலிர்த்தது. சிலிர்த்துக்கொள்ள அங்கே அரை விரல் அளவுக்குத்தான் முள் முளைத்திருந்தது. பாம்பு அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, குட்டிகள் இருந்த வளைப் பக்கம் தலையைத் திருப்பியது. கீரி அவசரக் கூட்டம் கூட்ட ஓடிவிட்டது.

"மேகலை! வந்து மிதிம்மா!" என்று வடிவு அலறியது.

"வரலாம்" என்றது வேலிக்கு அப்பாலிருந்து மேகலை. "நீங்க போட்ட முள்ளு இருக்கே, நான் எப்படி வர்றது?"

அது குத்திக்காட்டச் சொன்னதல்ல. உள்ளதைத்தான் சொன்னது. குட்டிகளைப் பாம்பின் வாய்க்கு முன்னால் விட்டுவிட்டு வடிவு வேலிக்கு ஓடியது. வாயெல்லாம் கிழிய முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தது. ஓர் எருமை நுழையும் அளவுக்கு வழி விழுந்ததும், மேகலை தன் வழக்கமான நடையில் உள்ளே வந்து பாம்பின் வால்மேல் ஒரு காலை ஊன்றியது. வளைக்குள் தலையை விட்டிருந்த பாம்பு திட்டத்தை மாற்றிக்கொண்டது. தலையை வெளியே இழுத்து, வாலையும் எப்படியோ உருவிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. வடிவு உள்ளே பாய்ந்து பார்த்தது. இரண்டு குட்டிகளும் உயிரோடு இருந்தன. அது அங்கேயே உட்கார்ந்து அழுதது.

வெளியே வந்தபோது, மேகலை வாசலில் இருந்த புல்லை மேய்ந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு ஏம்மா என் வாசல்ல படுத்தே?" என்று வடிவு கேட்டது.

"இங்கே நிக்காதேன்னு எல்லாரும் சொல்றீங்க. எங்கே நிக்கலாம்னு ஒருத்தராவது சொன்னதுண்டா?"

வடிவே மேகலையைக் கூட்டிக்கொண்டு போய், கீழே திருப்பத்தில் நாவல் மரநிழலில் யார் வளையும் இல்லாத ஒரு பாறைத்தளத்தைக் காட்டியது. அன்றுமுதல் எருமைகள் அங்கே நின்றன. காலையில் மட்டும் வந்து வளைகளின் முன்னாலிருந்த புல்லை மேய்ந்துவிட்டுப் போயின. ஐம்பது அடி நடக்க வேண்டியிருக்கிறதே என்று குரங்குகள் முணுமுணுத்தன. மிச்சமிருந்த முள்ளையும் வடிவே ஒதுக்கிப்போட்டு, நொண்டி மானைத் தேடிப் போய்த் தண்ணீருக்கு அழைத்து வந்தது.

வருகிறவர்கள் நிற்க ஓர் இடம் காட்டாமல் வழியையே அடைத்துவிடுகிறவர், தனக்கு உதவி வரும் வழியையும் சேர்த்தே அடைத்துவிடுகிறார்.