பளபளத்த காலணா

நான் சொல்வதில் பாதியாவது நிஜம், நம்புங்கள். ஆன்லைனில் பழங்காசு விற்கும் செண்பகவடிவிடம், களிம்பேறிய செப்புக் காலணா ஒன்றை வாங்கினார் காசு சேகரிப்போர் சங்கத் தலைவர் தாண்டவமூர்த்தி. மறுவாரமே அவள் கடைப் பக்கத்தில் படத்தோடு ஒற்றை நட்சத்திர விமர்சனம் போட்டார்: "பழங்காசு இப்படியா பளபளக்கும்? போலி!"

அதைப் படித்தவர்கள் யாரும் அவளிடம் வாங்கவில்லை. கடையை மூடவேண்டிய நிலை.

செண்பகவடிவு சண்டைக்குப் போகவில்லை. அந்த விமர்சனத்தின் கீழேயே கேட்டாள்: "கண்ணு கூசுதுங்க ஐயா! எங்க வீட்டுக் குத்துவிளக்குகூட இப்படி மின்னாது. இது எந்தப் பாத்திரக்கடைக்காரர் கைவண்ணம்?"

தலைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரே பார்க்கப் பதில் எழுதினார்: "கடைக்காரனா? புளி போட்டு நானே தேய்ச்சேன்மா!"

அன்று மாலையே அவளுக்கு ஆர்டர் வந்தது, ஒரு குறிப்போடு: "எங்க வீட்டுல யாரும் காசு தேய்க்க மாட்டோம். நம்பி அனுப்புங்க."