வெள்ளைக்கண்ணு கோவில்பட்டிக்கு மிதித்துப் போன கதை

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. நல்லாம்பட்டி டயாலிசிஸ் வார்டில் துப்புரவு வேலை பார்க்கும் என் சித்தி சொன்னது. சித்தி பொய் சொல்ல மாட்டாள். ஆனால் எண்களைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள். ஆகையால் எண்களை மட்டும் சரிபார்த்து எழுதியிருக்கிறேன். முட்டாள்தனத்தில் கை வைக்கவில்லை.

திங்கள், புதன், வெள்ளி அந்த வார்டில் மூன்று பேருக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மாவு மில் வெள்ளைக்கண்ணு நடுவில். இடது பக்கம் சவரிமுத்து. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்றவர். வலது பக்கம் வேன் ஓட்டும் மொய்தீன் பாய். மூவருக்கும் கிட்னி போய்விட்டது. மூளை இருக்கிறது என்று மூவரும் நம்பினார்கள்.

வெள்ளைக்கண்ணுவுக்குக் கிட்னி கொடுக்க அவர் மனைவி பவளக்கொடி தயார். டாக்டர்தான் தயங்கினார். “கையை ஊன்றாம நாற்காலியிலேர்ந்து பத்துத் தடவை எழுந்திருங்க. இப்ப ரெண்டுக்கே மூச்சு வாங்குது. மூணு மாசத்துல பத்து வந்தா, மாற்று அறுவைக்கு எழுதி அனுப்புறேன்” என்றார்.

காலுக்கு வலு ஏற்ற, பிசியோதெரபி பார்க்கும் நிறைமதி வந்தாள். “தினம் அரை மணி நடங்க. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.”

மூவரும் மறுநாளே கூடினார்கள். வெள்ளைக்கண்ணு உட்கார்ந்தபடியே யோசித்தார்.

“எனக்குப் பேச வரும். பாட்டு பிறவியிலேயே வராது. அப்ப நான் இப்பவே சரியான வேகத்துலதான இருக்கேன்?”

“இருக்கய்யா. எந்திரிச்சுக் கெடுத்துக்காத” என்றார் பாய்.

சவரிமுத்துவுக்கு எதிர்க் கஷ்டம். மாதாகோயில் பாட்டுக் குழுவில் முப்பது வருஷம் நின்றவர். எவ்வளவு வேகமாக நடந்தாலும் பாட்டு நிற்கவில்லை. பாட முடியாத வேகத்தைத் தேடி நாலு ஊர் தாண்டிவிட்டார். கடைசியில் மொபெட்டில் ஏற்றி வந்தார்கள். அப்போதும் பாடிக்கொண்டுதான் வந்தார்.

இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, நிறைமதி வெள்ளைக்கண்ணுவின் கட்டில் கால்மாட்டில் ஒரு மிதி இயந்திரத்தை மாட்டினாள். ரத்தம் சுத்தமாகும்போதே காலால் மிதிக்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் என்று அதிலேயே எண் ஓடும்.

ஆறு வாரம் ஒழுங்காக மிதித்தார். எண் தொண்ணூறைக் காட்டிய அன்று சவரிமுத்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“தம்பி, நீ மதுரைக்கு வந்துட்ட.”

“என்னண்ணே சொல்றீங்க? கட்டில்லதான கிடக்கேன்?”

“உன் கால் எந்தத் திக்குல நீட்டியிருக்கு? தெற்கால. தெற்கால தொண்ணூறாவது கல் மதுரை. நான் பெயின்ட் அடிச்ச கல்லு.”

வெள்ளைக்கண்ணு நம்பவில்லை. பாய்தான் நிதானமாக விளக்கினார். “இந்தா நிக்கிற மெஷினு கிட்னியா? இல்ல. ஆனா கிட்னி வேலையைப் பாக்குது. நம்புறோமா?”

“நம்புறோம்.”

“உன் கால்மாட்டுல இருக்கிறது சைக்கிளா? இல்ல. ஆனா சைக்கிள் வேலையைப் பாக்குது. அதை மட்டும் ஏன்யா நம்ப மாட்டேங்குற?”

வெள்ளைக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லிக்கொள்ளாமல் மதுரை வரை வந்துவிட்டோமே! அந்த நிமிஷமே பின்பக்கமாக மிதிக்க ஆரம்பித்தார். ஊர் திரும்ப வேண்டுமே. நிறைமதி பார்த்து, “பின்னாடி மிதிச்சாலும் நல்லதுதான் ஐயா” என்றாள். மேடமே சொல்லிவிட்டாள்.

ஆனால் எண் குறையவில்லை. தொண்ணூற்றைந்து, நூறு, நூற்றுப்பத்து என்று ஏறியது. பயந்து இன்னும் வேகமாக மிதித்தார். இன்னும் வேகமாக ஏறியது. வீட்டில் அவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்க, பவளக்கொடி மூவரையும் பிடித்துக்கொண்டாள்.

“மதுரையைத் தாண்டிப் போயிட்டாருன்னா, என் வீட்ல உப்பில்லாத சோத்தைத் தின்னுட்டு என்னையத் திட்டுறது யாரு?”

“அது பஸ்ல வர்ற ஆளும்மா. மிதிச்சுப் போன ஆளு வேற கணக்கு” என்றார் சவரிமுத்து.

மூன்று மாதம் முடிந்த வெள்ளிக்கிழமை எண் நூற்றெண்பத்தெட்டு.

“கோவில்பட்டி” என்றார் சவரிமுத்து.

“கோவில்பட்டி வந்தும் கடலைமிட்டாய் திங்க முடியாத பாவி ஆயிட்டேனே!” என்று வெள்ளைக்கண்ணு அழுதார். கடலை கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதே அழுகையோடு டாக்டர் முன்னால் போய், கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்தார். பதினொன்றாவதும் எழுந்தார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். மாற்று அறுவை விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தார்.

அதில் இரண்டு கட்டம். நிலையான முகவரி: நல்லாம்பட்டி. தற்போதைய முகவரி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

“கோவில்பட்டின்னு எழுதுய்யா” என்றார் பாய். “அரசாங்கத் தாள்ல பொய் எழுதினா கிட்னி தர மாட்டான்.”

பவளக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். “அப்ப என் கிட்னியைக் கோவில்பட்டிக்கா அனுப்பப் போறீங்க?”

நியாயமான கேள்வி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஆளைக் கூட்டிவரக் கிளம்புவது என்று முடிவானது. பாய் வேனின் பயண மீட்டரைச் சுழியத்தில் வைத்தார். வெள்ளைக்கண்ணுவையும் ஏற்றிக்கொண்டார்கள், போன இடத்தில் ஆளை அடையாளம் காட்ட ஒருத்தர் வேண்டும்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவரை ஒரு பெஞ்சில் இறக்கிவிட்டு, பாயும் சவரிமுத்துவும் வேனில் ஊரைச் சுற்றித் தேடினார்கள். மூன்றாவது சுற்றில் பெஞ்சில் இருந்தவரைப் பாய் பார்த்துவிட்டார்.

“அண்ணே, அந்தா இருக்காரு! எளைச்சுப் போயிட்டாரு பாவம்.”

வெள்ளைக்கண்ணு யாரையும் பிடிக்காமல் ஒரே எட்டில் வேனில் ஏறினார். மூன்று மாதத்துக்கு முன் அவரைத் தூக்கி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். இதை யாரும் கவனிக்கவில்லை. வழியெல்லாம் சவரிமுத்து பாடிக்கொண்டு வந்தார்.

நல்லாம்பட்டி ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது. பாய் மீட்டரைப் பார்த்தார்.

“அண்ணே, முந்நூத்தி எண்பது காட்டுது.”

“ஊர் சுத்தினதுல நாலைக் கழி.”

“முந்நூத்தி எழுபத்தாறு.”

சவரிமுத்து கண்ணை மூடிக் கல் கல்லாக எண்ணினார். மதுரை, சாத்தூர், கோவில்பட்டி, நெல்லை. நாகர்கோவிலில் கண்ணைத் திறந்துவிட்டார். “கன்னியாகுமரி முந்நூத்தி முப்பத்தஞ்சு. அதுக்கு மேல கல்லு கிடையாது தம்பி.”

“அப்ப நாம எங்கண்ணே இருக்கோம்?”

“கடல்ல.”

மூவரும் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

“ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல தண்ணி ஆகாத ஆளுங்க” என்றார் வெள்ளைக்கண்ணு, “இப்படி வந்து மாட்டிக்கிட்டோமே.”

திங்கட்கிழமை வெள்ளைக்கண்ணு விண்ணப்பத்தில் தற்போதைய முகவரி கடல் என்று உள்ளபடியே எழுதிப் பெட்டியில் போட்டார். டாக்டர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது; அதை யாரும் திறந்து படிக்கவில்லை. மேலிடத்திலிருந்து பத்தாவது நாள் பதில் வந்தது: விண்ணப்பம் ஏற்கப்பட்டது, தற்போதைய முகவரியில் பின்கோடு மட்டும் விடுபட்டுள்ளது.

தூரத்தை நான் பிறகு சாலைக் கணக்கில் கூட்டிப் பார்த்தேன். சவரிமுத்து சொன்னது சரிதான். குமரி முனையிலிருந்து தெற்கே நாற்பத்தோரு கிலோமீட்டர். தபால் நிலையத்திலும் விசாரித்தேன். அங்கே பின்கோடு கிடையாது.