தளவாய் மாமா மேலே வராத படம்

புளிச்சிக்குளத்துக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று சொல்கிறவன் நாக்கு அழுகிப் போகும். மூளை இருந்தது. தேய்ந்து போகக் கூடாதே என்று வெளியே எடுக்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் வெயிலுமுத்து என்று ஒருவன். கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பது தொழில். முன்னூறு கல்யாணம் எடுத்துவிட்டான், அவனுக்குத்தான் ஒன்றும் நடந்தபாடில்லை. தளவாய் மாமா மகள் செண்பகவடிவு மேல் அவனுக்கு உயிர். அவளுக்கும் அப்படித்தான். குறுக்கே நின்றது தளவாய் மாமா.

"அடுத்தவன் பந்தியில சோறு திங்கிறதைப் படம் எடுக்கிறவனுக்கா என் பொண்ணு?" என்பார்.

இப்படி இருக்கையில் டவுனிலிருந்து திரைப்படக் கழகத்து சார் ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்தில் திரை கட்டி ஓர் ஆவணப்படம் போட்டார். முக்கால் மணி நேரம், ஒரு பேச்சு கிடையாது. மேகம் தலைதெறிக்க ஓடுகிறது. பட்டணத்து ஜனம் எறும்பு மாதிரி விறுவிறுவென்று போகிறது. அருவி மட்டும் யோசித்து யோசித்து விழுகிறது. ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

"உங்க ஊரையும் இப்படி எடுக்கலாம்," என்றார் சார். "ரெண்டே விஷயம். படத்துல ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. அப்புறம், ஆவணப்படம் பொய் சொல்லாது. உள்ளது உள்ளபடி இருக்கணும். எடுத்து வைங்க, அடுத்த மாசம் வந்து பார்க்கிறேன்."

தளவாய் மாமா எழுந்தார். "ஏலே வெயிலு, நீ எடு. சார் பார்த்துட்டு 'நல்லாருக்கு'ன்னு சொல்லட்டும். என் பொண்ணு உனக்குத்தான்."

வெயிலுமுத்துவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் காலையிலேயே டீக்கடையில் ஆலோசனை கூடியது. கூட்டாளி மாடக்கண்ணுதான் முதல் சந்தேகத்தைக் கிளப்பினான்.

"படம் எடுக்கிற அன்னிக்கு ஊர்ல யாரும் பேசக் கூடாது. சரி. மாடு?"

"மாடு என்னத்தப் பேசும்?" என்றான் வெயிலுமுத்து.

"'அம்மா'ங்குமே. அது சொல்லா, இல்லையா?"

டீக்கடைக்காரர் சங்கரபாண்டி பாய்லரை அணைத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சொல்லுதான்வே. என் பேரன் மொதமொதல்ல சொன்ன சொல்லே அதான்."

"அப்ப மாட்டையெல்லாம் பக்கத்து ஊருக்கு அனுப்பிரணும்," என்றான் மாடக்கண்ணு.

"எருமை?"

"எருமை என்ன சொல்லுதுன்னு இதுவரைக்கும் யாருக்கும் வெளங்கல. அது இருந்துட்டுப் போகட்டும்."

படப்பிடிப்பு நாள் வந்தது. முதலில் மேகம். அதை எப்படி ஓட வைப்பது? வெயிலுமுத்து கேமராவை வானத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு தள்ளுவண்டியில் மல்லாந்து படுத்தான். மாடக்கண்ணு வண்டியை மேட்டிலிருந்து உருட்டிவிட்டான். சும்மா சொல்லக் கூடாது, மேகம் அருமையாக ஓடியது. முள்வேலி வந்ததும் நின்றது.

ஜனங்களை எடுப்பதில் சிரமமே இல்லை. ஊரே ஓடியது. குடத்தோடு ஓடினார்கள், கோயிலைச் சுற்றி ஓடினார்கள். சலூன்காரர் ஓடிக்கொண்டே சவரம் செய்தார், சோப்பு நுரையோடு கிராக்கியும் கூடவே ஓடினார். அருவிக்கு எங்கே போவது? நிதானமாக ஏதாவது வேண்டுமே என்று எருமையை நடக்கவிட்டார்கள். சொன்னதை ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி ஊரில் அப்படி ஓர் அமைதி.

கடைசிக் காட்சி தளவாய் மாமா. சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. தலையிலிருந்து கால்வரை முழுசாகத் தெரிய வேண்டும் என்று ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனார். பின்னால் அவருடைய தோட்டத்துக் கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது.

வெயிலுமுத்து பார்த்துவிட்டான். 'மாமா, கிணறு' என்று சொன்னால் படம் கெட்டது, பெண் போச்சு. சொல்லாவிட்டால் மாமா போச்சு, அப்போதும் பெண் போச்சு. நிற்கச் சொல்லிக் கையை ஆட்டினான். இன்னும் பின்னால் போகச் சொல்கிறான் என்று மாமா எடுத்துக்கொண்டார்.

தொபுக்கடீர்.

விழும்போதும் மனுஷன் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பெயர்தான் வைராக்கியம். வெயிலுமுத்து கேமராவை ஸ்டாண்டோடு விட்டுவிட்டு ஓடிப் போய் எட்டிப் பார்த்தான். கழுத்தளவு தண்ணீரில் நின்ற மாமா, பேசாதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

அவன் ஒரே ஓட்டமாக ஊர் எல்லையைத் தாண்டி, பக்கத்து ஊரில் கால் வைத்த பிறகுதான் "ஐயோ, எங்க மாமா கிணத்துல விழுந்துட்டாரு" என்று கத்தினான். அந்த ஊர்க்காரர்கள் கயிறோடு வந்து மாமாவைத் தூக்கினார்கள். அதற்குள் கேமராவில் பேட்டரி தீர்ந்து போயிருந்தது. அவர்கள் பேசிய பேச்சு எதுவும் படத்தில் ஏறவில்லை என்று எல்லாருக்கும் பரம திருப்தி.

மறுமாதம் சார் வந்தார். படம் ஓடியது. வெயிலுமுத்து திரையைப் பார்க்கவே இல்லை, சார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கைப் போட்டபோது சாருக்குக் கண் கலங்கியிருந்தது.

"நல்லாருக்கு," என்றார். "ரொம்ப நல்லாருக்கு. அந்தக் கடைசிக் காட்சி, பத்து நிமிஷம் வெறும் கிணறு. மனுஷன் போன பிறகும் உலகம் அது பாட்டுக்கு இருக்கு. அற்புதம்."

வெயிலுமுத்து துள்ளி எழுந்தான். ஊர் எழவில்லை.

"தளவாய் மாமா மேல வரவே இல்லையே," என்றான் மாடக்கண்ணு.

"நான் இங்கதானலே இருக்கேன்."

"அது சரி மாமா. படத்துல வரலையே. ஆவணப்படம் பொய் சொல்லாது."

மாமா திரும்பினார். "பொய் சொல்லாதா சார்?"

"சொல்லவே சொல்லாது," என்றார் சார், சங்கதி தெரியாமல்.

மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள்.

"அப்பா, நீங்க இந்தா உக்காந்திருக்கீங்க," என்றாள் செண்பகவடிவு.

"பாவம், பிள்ளைக்கு எங்க பார்த்தாலும் அப்பா மூஞ்சியாத்தான் தெரியுது," என்று சங்கரபாண்டி கண்ணைத் துடைத்தார்.

வெயிலுமுத்து மாமா நாற்காலி முன்னால் வந்து நின்றான். "மாமா, சார் நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. நீங்க வாக்குக் கொடுத்தீங்க."

"வாக்கு வாக்குதான் மாப்ளே. கொடுத்தவரு இல்லையே."

அவன் விடுவானா? "பதினாறாம் நாள் காரியத்தை முடிச்சிட்டா கல்யாணம் வைக்கலாம்லா?"

மாமா யோசித்தார். "வைக்கலாம். ஆனா அவருக்கு ஆம்பளப் பிள்ளை கிடையாது. மொட்டை போட ஆளு?"

"நீங்களே போடுங்க மாமா. உங்களைவிட நெருங்கின சொந்தம் அவருக்கு யாரு இருக்கா?"

நியாயம்தான் என்று ஊரே தலையாட்டியது. காரியம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. மொட்டைத் தலையோடு முதல் பந்தியில் உட்கார்ந்த மாமா, இன்னொரு வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். அவரே தாரை வார்த்துக் கொடுத்தார்.

மாலையும் கழுத்துமாக வெயிலுமுத்துவும் வடிவும் அவர் காலில் விழ வந்தார்கள். மாமா தடுத்துவிட்டு, சுவரில் சந்தன மாலை போட்டுத் தொங்கவிட்டிருந்த தம் போட்டோவைக் காட்டினார்.

"முதல்ல அவருகிட்ட ஆசீர்வாதம் வாங்குங்க. உயிரோட இருந்திருந்தா இந்தக் கோலத்தைப் பார்க்க முன்வரிசையில வந்து நின்னிருப்பாரு," என்று சொல்லி, முன்வரிசையில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.